ஆள் பார்த்து இருமும் வண்டி

எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டி விடியற்காலையில் மட்டும்தான் முரண்டு பிடிக்கும். சாவியைத் திருப்பினால் ஒரு உறுமல், நாலு இருமல், பிறகு உடம்பெல்லாம் நடுக்கம். ஸ்டியரிங் நடுங்கும், பக்கக் கண்ணாடி நடுங்கும், முன்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாய்க்குட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டும். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே தெருமுனை வரை ஓட்டிப் போய், திரும்புவதற்காகக் காலைத் தூக்கினால் அங்கேயே படுத்துவிடும். எல்லாம் பத்து நிமிடக் கூத்துதான். என்ஜின் சூடேறிவிட்டால் நாள் முழுக்க அப்படி ஒரு சாதுவைப் பார்க்க முடியாது.

அந்தப் பத்து நிமிடம் என் தலையில் மட்டும் எழுதியிருந்தது. ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஐந்தேகாலுக்கு ரொட்டிக் கடைக்குப் போய், சுடச்சுடத் தட்டுகளை ஏற்றி, ஆஸ்பத்திரி கேன்டீனிலும் இரண்டு மாணவர் விடுதிகளிலும் ஆறு மணிக்குள் இறக்க வேண்டும். காலித் தட்டுகளைக் கடையில் சேர்த்துவிட்டு எட்டரைக்கு நான் திரும்பியதும் என் வீட்டுக்காரர் குழாய்களைப் பின்னால் கட்டிக்கொண்டு பிளம்பிங் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் கொழுந்தன் எடுப்பான். அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரேஸ். முனைக்கடையில் தீப்பெட்டி வாங்கப் போவதற்குள் நாலு கியர் மாற்றுகிற பிள்ளை.

அந்த மாதம் இரண்டு முறை ரொட்டி தாமதமாகப் போனது. கடையின் முதலாளியம்மா நல்லவர்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைத் திட்டினால் அவர் என்னைத் திட்டித்தானே ஆக வேண்டும்? மூன்றாவது தடவை நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்கா ஓடுற வண்டி உனக்கு மட்டும் ஏன் நிக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்து வந்து பாருங்க, தெரியும்."

"அஞ்சு மணிக்கா?" என்று அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நேரம் கடிகாரத்தில் இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது போல.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றான் ரேஸ், வாய் நிறையச் சோற்றோடு. "கிளட்ச்ச படக்குனு விடுறீங்க. வண்டி ஓட்டுறதுக்கு ஒரு கை வேணும்."

முடிவாக வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து ரொட்டி வண்டியைத் தம்பி ஓட்டுவான். நான் வீட்டிலிருந்து பிளம்பிங் வேலைக்கு வருகிற போன்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "உனக்கும் ஓய்வா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு யார் ஓய்வு கேட்டார்கள்? காலியான ரோட்டில், பின்னால் ரொட்டி மணக்க, 'என் சட்டை எங்கே, என் செருப்பு எங்கே' என்று யாரும் கேட்காத மூன்று மணி நேரம் என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த மூன்று மணி நேரம். அதைப் பிடுங்கி இவனிடம் கொடுப்பதா? விட மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை. மாமா என்றால் என் மாமனார். நாற்பது வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். மருவை அழிப்பது, தழும்பை மறைப்பது, சுருக்கத்தை நீவிவிடுவது எல்லாம் அவர் பென்சில் முனையில் இருந்தது. அவர் எடுத்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டி, 'இது நீங்கள் இல்லையே' என்று விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டுடியோவை விற்ற பணத்தில் வாங்கியதுதான் இந்த வண்டி. மூத்த மகன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டாலும், மத்தியானம் முழுக்க அதன் முன் சீட்டில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார், தூங்குவார். இரண்டு அறை வீட்டில் அவருக்கென்று இருந்த மூன்றாவது அறை அது.

மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவரை ஊரில் எல்லோரும் 'ம்ம் அண்ணன்' என்பார்கள். எதற்கும் 'ம்' என்று மட்டும் சொல்கிறவர். கேள்வி ஒரு ம், ஆமாம் ஒரு ம், போடா என்பதற்கும் ஒரு ம். ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம். ரொட்டிக் கடையின் வண்டிகளையும் அவர்தான் பார்க்கிறார். என் கதையைக் கேட்டார், பானெட்டைத் திறந்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அங்கே போய்ச் சேர்வதற்கே இருபது நிமிடம் ஆகியிருந்தது, வண்டி நன்றாகச் சூடேறி, நல்ல பிள்ளையாக நின்றது. நாய்க்குட்டிகூடத் தலையை ஆட்டவில்லை.

"ம்ம்?" என்றார்.

"இப்ப இல்லண்ணே. குளுந்து கிடக்கும்போதுதான்."

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், காற்று போகிற வாயில் படிந்திருந்த கரியைத் துடைத்தார். கடைசியில் வாயைத் திறந்தார். "குளுந்து இருக்கும்போது நான் கேக்கணும். புதன்கிழமை அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றேன்."

ஒன்பது வார்த்தை. அந்த மாதத்துக்கு அவருடைய கோட்டா முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். மாமா பேப்பரைத் தாழ்த்தி, "வீட்டுக்கே வர்றாரா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் உயர்த்திக்கொண்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வண்டி தலை குளித்து நிற்கிறது. விளக்குகள் பளபளக்கின்றன. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் துணியோடு பக்கத்தில் நின்றார். ம்ம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்த மோட்டார் சைக்கிள் வருவது நாலு தெருவுக்குக் கேட்கும். ஊர் வண்டிகளையெல்லாம் சரிசெய்கிறவர் தன் வண்டியை மட்டும் தொடுவதில்லை. நான் சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல் இல்லை. நடுக்கம் இல்லை. பட்டு மாதிரி ஓடியது.

"ம்" என்றார் ம்ம் அண்ணன். இது 'ஏம்மா என் தூக்கத்தைக் கெடுத்தே' என்கிற ம்.

அவர் போனதும் நான் பானெட்டில் கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு.

"மாமா."

"என்னம்மா?"

"எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?"

மாமா துணியை நாலாக மடித்தார். "நாலரைக்கு. சும்மா கொஞ்ச நேரம் ஓடட்டும்னு."

"அப்படின்னா வண்டி இருமுறது உங்களுக்குத் தெரியும்."

"ஜன்னலுக்குக் கீழதானே நிக்குது? தினமும் கேக்கறேன்."

"தெரிஞ்சும் அன்னைக்குச் சாப்பிடும்போது வாயத் திறக்கலையே, மாமா? என்னை ஓட்டத் தெரியாதவன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"ஏம்மா, ஒரு வெளி ஆள் பார்க்க வர்றப்போ நம்ம வண்டி இருமிக்கிட்டா நிக்கணும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். "உன் வீட்டுக்காரன் என்ன சொல்லிக்கிட்டு இருக்கான் தெரியுமா? இனி ஒரு குறை வந்தாலும் வித்துத் தள்ளிட்டு வேற வாங்கிடலாம்னு. குறை இருக்குன்னு மெக்கானிக் வாயால வந்துச்சுன்னா அவ்வளவுதான். நான் எங்கே போய்ப் பேப்பர் படிக்கிறது?"

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். இனி மெக்கானிக் வருகிற அன்று சாவியைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு ம்ம் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி வரச் சொன்னேன்.

நடுவில் வந்த வியாழக்கிழமை வண்டி வழக்கம்போல நடுங்கியது, தெருமுனையில் படுத்தது. மூன்று தடவை ஸ்டார்ட் செய்து, வியர்த்து வழிய, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரியில் ரொட்டியை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக பானெட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஆஹா, இன்றைக்குக் குட்டு வெளிப்படும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரையும் ரேஸையும்கூடப் போர்வையை இழுத்து எழுப்பி வாசலில் நிறுத்தியிருந்தேன். ஒருவர் நின்றுகொண்டே தூங்கினார், ஒருவன் கொட்டாவி விட்டான். ம்ம் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சாவியைத் திருப்பினேன்.

பட்டு.

அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். வெல்வெட்டு. காலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். வண்டி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, கூடம் நேராத்தான் இருக்கு" என்றான் ரேஸ், கொட்டாவிக்கு நடுவில்.

ம்ம் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. 'ம்' கூட இல்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் என் தோளில் கைவைத்து, "விடு, திங்கக்கிழமையிலேர்ந்து தம்பி பாத்துக்குவான்" என்றார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ரொட்டி இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஐந்து நிமிடம் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடித்தேன்.

"சாவியத் தொட்டீங்களா?"

"உன் தலையணைக்கு அடியில இருந்த சாவிய நான் எப்படிம்மா தொடுவேன்? பானெட்டைத் திறந்து உள்ளே துடைச்சேன், அவ்வளவுதான். தூசி இருந்துச்சு. வர்றவர் உள்ளே பார்ப்பாரே."

பொய் சொல்கிற முகம் இல்லை. துடைத்தால் வண்டி சரியாகிவிடுமா? நானே சனிக்கிழமை காலையில் துடைத்துப் பார்த்தேன். நன்றாக நடுங்கியது.

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். புதன் நல்லது, வியாழன் கெட்டது, வெள்ளி நல்லது, சனி கெட்டது. மெக்கானிக் வந்தால் நல்ல பிள்ளை, நான் மட்டும் இருந்தால் பிசாசு. மாமா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரியாது என்றும் பட்டது. ஆனால் எதற்காகச் செய்கிறார் என்று தெரியும். வண்டி விற்றுப் போய்விடக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் ம்ம் அண்ணனைக் கூட்டி வரலாம் என்றால், அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் முனையில் கேட்கும்போதே மாமா துணியோடு கீழே இறங்கிவிடுவார். மெக்கானிக்குக்கு முன்னால் நல்ல முகம் காட்டுகிற மாமா, யாருக்கு முன்னால் வண்டியின் கெட்ட முகத்தைக் காட்டுவார்?

வாங்க வருகிறவருக்கு முன்னால்!

சனிக்கிழமை மத்தியானம் முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மாவு படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மூக்கெல்லாம் வெள்ளை. "சரி, வர்றேன். பழைய வண்டி வாங்கப் போறவ கூட ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போறது வழக்கம்தானே? ம்ம் அண்ணனை நான் சொன்னா வருவார்" என்றார். "ஆனா ஆறு மணிக்கு ரொட்டி போயாகணும்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். "நான் ஓட்டலேன்னா அந்த வண்டியே வேணாங்க. வித்துடுங்க. எங்க முதலாளியம்மா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன்னாங்க."

"அண்ணி!" என்றான் ரேஸ்.

"நல்லதாப் போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் திங்கட்கிழமை வந்துவிடும்.

ஞாயிறு நாலே முக்காலுக்கு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாமா இறங்கி வந்தார். கையில் துணி இல்லை, ஒரு வாளி. வாளியில் சேறு. நாற்பது வருடம் எல்லோர் முகத்திலும் அழுக்கு எடுத்த மனிதர், தன் வண்டியின் முகத்தில் பார்த்துப் பார்த்து அழுக்கு பூசினார். கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இடது விளக்குக்கு இன்னொரு கை பூசினார். ஒரு டயரில் காற்றைப் பாதி இறக்கினார். பானெட்டின் பக்கமே போகவில்லை.

ஐந்து மணிக்கு முதலாளியம்மா கைப்பையோடு வந்தார், பின்னால் ம்ம் அண்ணன். வீட்டுக்காரர் எழுந்து முகம் கழுவியிருந்தார். விற்பதென்றால் அவருக்கும் ஐந்து மணி தெரியும். மாமா முன்னால் வந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், மறைச்சு விக்கிறது எங்க பரம்பரையிலேயே கிடையாது. இது வண்டியே இல்ல, தலைவலி. காலைல இருமும். நடுங்கும். தெருமுனைக்குப் போறதுக்குள்ள மூணு தடவை நிக்கும். கொஞ்சம் விட்டா உங்க ரொட்டியெல்லாம் தூளாயிடும்."

"அப்பா!" என்றார் வீட்டுக்காரர். "நீங்கதானே வண்டிக்கு ஒரு குறையும் இல்லேன்னீங்க?"

"அது நமக்குள்ள. வாங்குறவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர், இப்போது அதே பூசணிக்காயைத் தோண்டி எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். முதலாளியம்மா சிரிப்பை அடக்கக் கைப்பைக்குள் எதையோ தேடினார். நான் ஏறி சாவியைத் திருப்பினேன்.

உறுமல். இருமல். நடுக்கம். நாய்க்குட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்றது. என் காதுக்கு அப்படி ஒரு இனிய ஓசை அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்காரர் வாயைப் பிளந்து நின்றார். காலை எடுத்தேன், அணைந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி நடுக்கம்.

"ம்!" என்றார் ம்ம் அண்ணன். பசித்தவன் சாப்பாட்டைக் கண்டு சொல்கிற ம் அது. பானெட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்தார். பையிலிருந்து சோப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை எடுத்து, என்ஜினுக்குள் காற்று போகிற வழி நெடுக, ஒவ்வொரு இணைப்பாகப் பீச்சிக்கொண்டே போனார். என்னைவிட அவசரம் வேறு யாருக்கும் இருந்திருக்காது. கடிகாரம் ஐந்து பத்து. பின்பக்கமாக, கை நுழையச் சிரமமான ஒரு மூலையில் தண்ணீர் பட்டதும் என்ஜினின் சத்தம் சட்டென்று மாறியது. ம்ம் அண்ணன் பாட்டிலை வைத்துவிட்டு அங்கே விரலை அழுத்தினார். நடுக்கம் நின்றது. விரலை எடுத்தார், நடுங்கியது. வைத்தார், நின்றது. எடுத்தார், வைத்தார். சின்னப் பிள்ளை சுவிட்சைப் போட்டு விளையாடுவது மாதிரி நாலைந்து தடவை செய்து காட்டினார்.

பிறகு என் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட மிக அழகான பேச்சைப் பேசினார். "ரப்பர் குழாய்ல வெடிப்பு. குளுந்தா விறைச்சு வாயைத் திறக்குது, அந்த வழியா வேண்டாத காத்து உள்ளே போகுது, வண்டி நடுங்குது. சூடானா ரப்பர் இளகி மூடிக்குது. ஓட்டுறவங்க மேல தப்பு இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே, கடைசி வரிய" என்றேன். அதற்குள் எழுந்து வந்து வீட்டுக் கதவில் சாய்ந்து நின்ற ரேஸைப் பார்த்துக்கொண்டே.

"ம்" என்றார் அவர். ஆனால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. "பசை. யாரோ டேப் ஒட்டியிருக்காங்க."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாமா மெதுவாகச் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்தார். ஸ்டுடியோவில் இருட்டறையின் ஜன்னல் இடுக்குகளை அடைக்கிற டேப்.

"வெள்ளிக்கிழமை துடைக்கும்போது பார்த்தேன். அந்தக் குழாய் மட்டும் சுருக்கமா, வெடிச்சு, பாக்கவே நல்லா இல்ல. வர்றவர் கண்ணுல படக்கூடாதேன்னு சுத்திவிட்டேன். சாயங்காலம் சூட்டுல உரிஞ்சு தொங்குச்சு. எடுத்துப் போட்டுட்டேன்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, அந்தச் சுருக்கம்தான் காரணமா? அதை மறைச்சு நான்தான் உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேனா?"

"ஆமா மாமா" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு அழுதிருக்கிறேனே.

மாமா டேப் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ம்ம் அண்ணன் பையிலிருந்த புதுக் குழாயில் ஒரு சாண் வெட்டி, பழையதைப் பிடுங்கிவிட்டு மாட்டினார். இரண்டு நிமிட வேலை. ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் இன்னும் சரியாகச் சூடேறாதபோதும் வண்டி சீராக ஓடியது, நாய்க்குட்டி அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வாயைத் திறந்தார்.

"நெஜமாவே நல்லாத்தான் இருக்கே வண்டி! எனக்கும் இன்னொண்ணு தேவைப்படுது. விளையாட்டு இல்லம்மா, நான் வாங்கிக்கறேன்."

நான் கண்ணால் எரித்தேன். அவர் பார்த்தால்தானே? வியாபாரம் என்று வந்துவிட்டால் அந்த அம்மா யாரையும் பார்க்க மாட்டார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "தாராளமா வாங்கிக்குங்க. தம்பியே உங்களுக்கு டிரைவரா வந்துடுவான்."

நானாகக் கொள்ளிக்கட்டையை எடுத்து என் தலையைச் சொறிந்துகொண்டேன். சாவியும் போனது, வண்டியும் போனது, மாமாவின் மூன்றாவது அறையும் போனது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாமா.

எல்லோரும் திரும்பினோம். மாமா நிமிர்ந்து நின்றார். டேப் சுருள் பைக்குள் போயிருந்தது. "ஆனா வாங்குறதுக்கு முன்னாடி, தினமும் ஓட்டப்போறவன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டணுமில்ல? ஏறுடா சின்னவனே. நான் இங்கே நின்னு என்ஜினைப் பாக்கறேன்."

ரேஸ் துள்ளி ஏறினான். பானெட் தூக்கியபடியே இருந்ததால் அவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. முதலாளியம்மாவும் வீட்டுக்காரரும் கதவுப் பக்கம் நின்றார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தது நானும் ம்ம் அண்ணனும் மட்டும்தான். மாமா என்ஜினை உற்றுப் பார்ப்பது போலக் குனிந்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இன்னொரு கை மெதுவாக, அந்த மூலைக்குப் போய், புதுக் குழாயின் ஒரு முனையை உருவியது.

ரேஸ் சாவியைத் திருப்பினான். வண்டி உலுக்கிப் போட்டுவிட்டு அணைந்தது. மறுபடி திருப்பினான். குலுங்கியது, விக்கியது, அணைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தான், பற்களைக் கடித்தான். நாய்க்குட்டி தலை சுழன்று பின்பக்கம் திரும்பிக்கொண்டது.

"இப்பத்தானே சரி பண்ணாங்க?" என்றான், முகம் வேர்த்து.

"தம்பி" என்றேன் நான். அந்த வாய்ப்புக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தேன். "கிளட்ச்ச படக்குனு விடாதீங்க. வண்டி ஓட்டுறதுக்கு ஒரு கை வேணும்."

"நீ ஏறும்மா" என்றார் மாமா. நான் ஏறுவதற்குள் அவர் கை ஒரு முறை அந்த மூலைக்குப் போய்வந்தது. சாவியைத் தொட்டதுதான் தெரியும், வண்டி தேனாக ஓடியது.

மாமா கைகளைத் துடைத்துக்கொண்டு முதலாளியம்மாவிடம் வந்தார். "நான் முதல்லயே சொன்னேன், மறைச்சு விக்க மாட்டோம்னு. இதுதான் இந்த வண்டியோட குறை. விடியற்காலைல என் மருமக கைக்கு மட்டும்தான் ஓடும். இந்த வீட்டுல அவளுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஒரு மாசமா அவ சொன்னதை நாங்க யாரும் காதுல வாங்கல, நானும் சேர்த்துத்தான். இதை எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் மறுபடியும் ஒரு பொய்க்கு மேல் பென்சில் போட்டுத் தீட்டியிருக்கிறார். ஆனால் இந்தத் தடவை எனக்காக.

முதலாளியம்மா மாமாவின் விரலைப் பார்த்தார். கறுப்புக் கறை. என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. "ஆள் பார்த்து ஓடுற வண்டி எனக்கு எதுக்கு? வண்டியும் வேணாம், வேற டிரைவரும் வேணாம். இந்தப் பொண்ணே வரட்டும்" என்றார்.

வீட்டுக்காரர் ம்ம் அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டார். "ஏங்க, அப்படியும் இருக்குமா? ஒருத்தர் கைக்கு மட்டும் ஓடுறது?"

ம்ம் அண்ணன் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு தன் சோப்புத் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார்.

"ம்" என்றார்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "சரி, திங்கக்கிழமையும் நீயே ஓட்டு" என்றார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் தேவையில்லை. மாமா காற்று இறக்கிய டயருக்கு ரேஸைப் பம்பு அடிக்க வைத்தேன். மாமா ஒரு துணியை எடுத்துக்கொண்டு விளக்குகளில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ரொட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. கேன்டீன்காரர் ஏன் தாமதம் என்று சத்தம் போட்டார். எங்கள் முதலாளியம்மா என் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை இறக்கப் போனேன்.